விசைக்கோடு கண்ட வித்தகர்

ஒரு பொருளை நகர்த்த வேண்டுமானால் அதனைத் தொட வேண்டும் என்பது நாம் அன்றாடம் காணும் உண்மை. மாடு வண்டியை இழுக்கிறது. இரண்டிற்கும் இடையே நுகத்தடி இருக்கிறது. கிணற்றிலிருந்து வாளி மேலே வருகிறது. கைக்கும் வாளிக்கும் இடையே கயிறு இருக்கிறது. பந்து உருண்டோடுகிறது, யாரோ ஒருவருடைய கால் அதன்மீது பட்டிருக்கிறது. நின்ற பொருளை இயங்கச் செய்வதும், இயங்கும் பொருளை நிறுத்துவதும், அதன் போக்கை வேறு திசையில் திருப்புவதும் எதுவோ அதனையே விசை என்பர் அறிஞர். விசை இன்றி இயக்கம் மாறுவதில்லை.

ஆனால், ஒரு காந்தத்தின் அருகே தையல் ஊசியைக் கொண்டுசென்று பாருங்கள். காந்தம் தன்னைத் தொடுவதற்கு முன்னரே ஊசி துள்ளிச் சென்று அதனோடு ஒட்டிக்கொள்ளும். இடையே நுகத்தடியும் இல்லை; கயிறும் இல்லை. காகிதம் ஒன்றைக் குறுக்கே பிடித்தாலும் அந்த ஈர்ப்பு நிற்பதில்லை. அங்ஙனமாயின், தொடாத பொருளை இழுத்தது யாது?

இவ்வினா மிகப் பழையது. காந்தம் இரும்பை ஈர்க்கும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் இவ்வியல்பினை உவமையாக எடுத்தாள்கின்றது. காலப்போக்கில் கல்லாய் இறுகிய அம்பர் என்னும் மரப்பிசினைத் துணியில் தேய்த்தால், அது சருகுகளையும் துரும்புகளையும் தன்பால் ஈர்க்கும் என்பதைக் கிரேக்கர் கண்டிருந்தனர். முன்னது காந்த விசை, பின்னது மின்விசை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று உறவில்லாத இருவேறு அற்புதங்கள் என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று காட்டுவதிலும், தொடாமல் இழுக்கும் விசையின் வழியை உலகிற்கு உணர்த்துவதிலும் பெரும்பங்கு கொண்டவர் கல்லூரி வாயிலை மிதித்து அறியாத ஒருவர். கொல்லர் ஒருவரின் மகன். மைக்கேல் பாரடே என்பது அவர் பெயர்.

இளமையும் கல்வியும்

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இலண்டன் மாநகரை அடுத்திருந்த நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் இரும்பு வேலை செய்து பிழைத்தவர், அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். ஆகவே, வறுமை அக்குடும்பத்தை விட்டு நீங்கவில்லை. 1801ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு வாரத்திற்கு ஒரு ரொட்டியே கொடுக்கப்பட்டது. அவ்வொரு ரொட்டியை ஏழு நாட்களுக்கும் பகிர்ந்து வைத்து அவன் உண்ண வேண்டியிருந்தது. எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் சிறிது கற்றதோடு அவனது பள்ளிப்படிப்பு முடிந்தது.

பதின்மூன்றாம் வயதில் அவன் ரீபோ என்னும் புத்தக வணிகரின் கடையில் ஏவல் வேலைக்கு அமர்ந்தான். மறு ஆண்டில், புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டும் தொழிலைப் பழகும் மாணவனாக அங்கேயே சேர்ந்தான். ஏழாண்டுகள் அத்தொழிலைக் கற்றான். பிறர் படிப்பதற்காகப் புத்தகம் கட்டிய அச்சிறுவன், கட்டிய புத்தகங்களைத் தானும் படிக்கலானான். கடை முதலாளி நல்லவர், அதனைத் தடுக்கவில்லை. ஒருநாள் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் அவனிடம் வந்தது. அதிலிருந்த மின்சாரம் என்னும் கட்டுரை அவன் உள்ளத்தைக் கவர்ந்தது. திருமதி மார்செட் என்னும் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூல் மற்றொரு விளக்காயிற்று.

படித்ததை அப்படியே நம்பிவிடுவது பாரடேயின் இயல்பன்று. நூலில் கூறியது உண்மைதானா என்று தம் கையாலேயே செய்து பார்ப்பார். கிடைத்த சிறு காசில் பொருள்கள் வாங்கிச் சிறு கருவிகள் செய்தார். துத்தநாக வில்லைகளையும் செப்பு வில்லைகளையும் மாறிமாறி அடுக்கி, உப்பு நீரில் நனைத்த காகிதத்தை இடையில் வைத்து மின்சாரம் உண்டாக்கினார். சோதித்து அறிந்ததையே அறிவெனக் கொள்ளும் இப்பழக்கம் அவரைக் கடைசிவரை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்தில் இராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் அறிவு நிலையத்தில் ஹம்ப்ரி டேவி என்னும் பேரறிஞர் சொற்பொழிவுகள் ஆற்றிவந்தார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், பாரடேயின் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்து, நுழைவுச் சீட்டுகளை அளித்தார். 1812ஆம் ஆண்டில் டேவியின் நான்கு சொற்பொழிவுகளைப் பாரடே கேட்டார். கேட்டவற்றை விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, தாம் கற்ற தொழிலாலேயே அழகிய புத்தகமாகக் கட்டினார். அதனை டேவிக்கு அனுப்பி, விஞ்ஞானத் துறையில் யாதேனும் ஒரு வேலை தருமாறு வேண்டினார். டேவி அவரை அன்போடு அழைத்துப் பேசினார். ஆயினும், விஞ்ஞானம் உழைப்பை மிகுதியாகப் பெற்றுக்கொண்டு ஊதியத்தைக் குறைவாகத் தரும் துறை என்று கூறி, கைத்தொழிலை விட வேண்டா என அறிவுரை தந்தார். சில திங்களில் ஆய்வுக்கூடத்தில் ஓர் உதவியாளர் இடம் காலியாயிற்று. 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்விடம் பாரடேக்குக் கிடைத்தது. குப்பிகளைக் கழுவுவதும் கருவிகளைத் துடைத்து வைப்பதும் அவர்தம் பணிகளுள் அடங்கும். அவர் அதனை இழிவாகக் கருதினாரல்லர்.

திரும்பிய ஊசி

1800ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் வோல்ட்டா, இருவகை உலோக வில்லைகளை அடுக்கி, இடையறாது ஓடும் மின்னோட்டத்தை உண்டாக்கும் வழியைக் கண்டார். அதுகாறும் ஒரு நொடியில் பொறியாய்த் தோன்றி மறைந்த மின்சாரம், அன்றுமுதல் கம்பி வழியே வாய்க்கால் நீர்போல் ஓடத் தொடங்கியது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. டென்மார்க்கு நாட்டுத் தலைநகராகிய கோபன்ஹேகனில் ஏர்ஸ்டெட் என்னும் பேராசிரியர், மின்னோட்டம் பாயும் கம்பி ஒன்றைத் திசைகாட்டும் காந்த ஊசியின் மேலே பிடித்தார். எப்பொழுதும் வடக்கையே நோக்கி நிற்கும் அவ்வூசி, தன் நிலை மாறித் திரும்பியது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் பழையபடி வடக்கு நோக்கியது. 1820ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியானதும் ஐரோப்பிய அறிஞர் உலகம் வியப்பில் ஆழ்ந்தது. மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தின் வேலையைச் செய்கிறது! உறவற்றவை என்று கருதப்பட்ட இரண்டும் உறவுடையவை என்பது வெளிப்பட்டது.

இதில் மற்றுமொரு புதுமையும் இருந்தது. கம்பி ஊசியைத் தன்பால் இழுக்கவும் இல்லை, அப்பால் தள்ளவும் இல்லை, குறுக்கே திருப்பியது. அதுவரை அறிஞர் அறிந்த விசைகளெல்லாம் நேர்க்கோட்டில் இழுப்பவை அல்லது தள்ளுபவை. இதுவோ கம்பியைச் சுற்றி வட்டமிடுவது போல் தோன்றியது. அங்ஙனமாயின், அவ்விசையைக்கொண்டு ஒரு பொருளை இடைவிடாமல் சுழலச் செய்யலாமே என்று பாரடே எண்ணினார். 1821ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அதனைச் செய்தும் காட்டினார். ஒரு கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றி, நடுவில் ஒரு காந்தத்தை நிமிர்த்தி நிறுத்தினார். மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, அதன் முனை பாதரசத்தில் தோயுமாறு அமைத்தார். மின்சாரம் பாய்ந்ததும், கம்பி காந்தத்தை வலம் வரத் தொடங்கியது. மின்சாரத்தால் தொடர்ந்து சுழற்சியை உண்டாக்கிய முதற்கருவி அதுவே. இன்று ஆலைகளிலும் வீடுகளிலும் சுழலும் மின் மோட்டார்களுக்கெல்லாம் மூத்தது அச்சிறு கிண்ணம்.

இவ்வெற்றி அவருக்குப் புகழைத் தந்தது. உடன் பழியையும் தந்தது. உல்லாஸ்டன் என்னும் முதுபெரும் அறிஞர் ஒருவர், கம்பியைச் சுழலச் செய்யலாம் என்னும் எண்ணத்தோடு முன்னரே டேவியுடன் கலந்து ஆய்ந்திருந்தார். பாரடே அவர்தம் பெயரைக் குறிப்பிடாமல் தம் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். உதவியாளன் பெரியவரின் எண்ணத்தைத் திருடிவிட்டான் என்று சிலர் பேசலாயினர். பாரடே மனம் நொந்தார், ஆயினும் ஒளியவில்லை. நேரே உல்லாஸ்டனுக்குக் கடிதம் எழுதி, அவரைக் கண்டு, தாம் செய்தவை யாவை, செய்யாதவை யாவை என்பதை விளக்கினார். இருவர் முயன்றதும் வேறு வேறு வகைச் சுழற்சி. உல்லாஸ்டன் பகை பாராட்டவில்லை. ஆயினும், இராயல் கழகத்தின் உறுப்பினராகப் பாரடேயின் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதன் தலைவராக இருந்த டேவியே அதனை விரும்பவில்லை. 1824ஆம் ஆண்டில் ஒரே ஒரு வாக்கு எதிராக இருக்க, பாரடே உறுப்பினரானார். அப்பொழுதும் அவர் தம்மை உயர்த்திய டேவியின்பால் வைத்த நன்றியை மறந்தாரல்லர். டேவியிடம் தாம் கற்றவற்றை என்றும் நன்றியோடு போற்றினார்.

பத்தாண்டு வினா

மின்சாரம் காந்த விசையை உண்டாக்குமானால், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா? இதுவே பாரடேயின் நெஞ்சில் நின்ற வினா. காந்தத்தை மின்சாரமாக மாற்ற வேண்டும் என்று அவர் 1822ஆம் ஆண்டிலேயே தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1824இல் முயன்றார்; பயனில்லை. 1825இல் முயன்றார், பயனில்லை. 1828இல் மீண்டும் முயன்றார். அப்பொழுதும் ஊசி அசையவில்லை. தோற்ற சோதனைகளையும் அவர் ஒளிக்காமல் எழுதி வைத்தார். வெற்றியை மட்டும் எழுதுபவன் விளம்பரம் செய்பவன். தோல்வியையும் எழுதுபவனே ஆராய்ச்சியாளன்.

இதே வினாவிற்கு விடை தேடியவர் வேறு சிலரும் உளர். அவர்களுள் ஜெனீவா நகரைச் சேர்ந்த கொலடோன் என்பவருக்கு நேர்ந்தது ஈண்டு நினைக்கத் தக்கது. 1825ஆம் ஆண்டில் அவர் ஒரு கம்பிச்சுருளினுள் பெரிய காந்தம் ஒன்றைச் செலுத்தினார். சுருளில் மின்சாரம் ஓடுகிறதா என்று காட்டும் கருவியையோ, காந்தம் அதன் ஊசியை நேரே இழுத்துவிடும் என்று அஞ்சி, வேறோர் அறையில் வைத்திருந்தார். காந்தத்தைச் சுருளினுள் வைத்துவிட்டு, அடுத்த அறைக்கு நடந்துசென்று ஊசியைப் பார்த்தார். ஊசி அசையாமல் நின்றது. மின்சாரம் இல்லை என்று முடிவு செய்தார். உண்மையில், அவர் காந்தத்தைச் செலுத்திய அக்கணத்தில் ஊசி அசைந்தது. அவர் நடந்துவருவதற்குள் தன் பழைய இடத்தை அடைந்துவிட்டது. பார்ப்பதற்கு அங்கே ஒருவர் இல்லை. அறிவுலகின் பெரும்பரிசு ஒன்று ஓர் அறையின் தொலைவில் கைநழுவிப் போயிற்று.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள். பாரடே ஆறு அங்குல விட்டமுள்ள தேனிரும்பு வளையம் ஒன்றைச் செய்வித்து, அதன் ஒரு பாதியில் ஒரு கம்பிச்சுருளும் மறு பாதியில் மற்றொரு கம்பிச்சுருளும் சுற்றினார். கம்பிகள் ஒன்றையொன்று தொடாதபடி நூலும் துணியும் இடையிட்டார். ஒரு சுருளை மின்கல அடுக்கோடு இணைக்க ஏற்பாடு செய்தார். மற்றொரு சுருளின் கம்பியை நீட்டி, மூன்றடி தொலைவில் இருந்த காந்த ஊசியின் மேலே கொண்டுசென்றார். மின்கலத்தை இணைத்த அக்கணத்தில் ஊசி சட்டென அசைந்தது. சிறிது ஊசலாடித் தன் நிலைக்கு வந்து நின்றது. மின்சாரம் முதற்சுருளில் ஓடிக்கொண்டேயிருந்தது, ஊசியோ அசையவில்லை. மின்கலத்தைப் பிரித்தார், அக்கணத்தில் ஊசி மீண்டும் அசைந்தது.

பிறர் இதனைக் கம்பி ஆடியதால் நேர்ந்த பிழை என்று தள்ளியிருக்கக்கூடும். பாரடே தள்ளவில்லை. அக்டோபர் 17ஆம் நாள் காகித உருளை ஒன்றின்மேல் செப்புக் கம்பியைப் பல அடுக்காகச் சுற்றினார். எட்டரை அங்குல நீளமுள்ள காந்தக் கோல் ஒன்றை அதனுள் விரைந்து செலுத்தினார். ஊசி ஒரு பக்கம் அசைந்தது. கோலை உள்ளேயே வைத்திருந்தார், ஊசி அசையவில்லை. வெளியே இழுத்தார், ஊசி மறுபக்கம் அசைந்தது. பத்தாண்டு வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. காந்தம் மின்சாரத்தை உண்டாக்கும். ஆனால், சும்மா இருக்கும் காந்தம் உண்டாக்காது. காந்த விசை மாறும்போதே மின்சாரம் பிறக்கும். முன்னைய முயற்சிகள் தோற்றதற்குக் காரணம் இதுவே. அறிஞர்கள் நிலையான காந்தத்திடம் நிலையான மின்னோட்டத்தை எதிர்பார்த்தார்கள். இயற்கையோ இயக்கத்தை விலையாகக் கேட்டது.

இவ்வுண்மைக்கு மின்காந்தத் தூண்டல் என்பது பெயர். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்னும் அறிஞரும் ஏறத்தாழ அதே காலத்தில் தனித்து முயன்று இதனைக் கண்டார். பாரடே அதனை முன்னதாக உலகிற்கு அறிவித்தார். அக்டோபர் 28ஆம் நாள் அவர் பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள செப்புத் தட்டு ஒன்றை ஒரு பெரிய காந்தத்தின் இரு முனைகளுக்கும் இடையே சுழற்றி, தட்டு சுழலும் அளவும் மின்சாரம் ஓடுமாறு செய்தார். உலகின் முதல் டைனமோ அதுவே.

விசைக்கோடுகள்

இவற்றையெல்லாம் இணைத்து விளக்கும் கருத்து ஒன்று பாரடேயின் உள்ளத்தில் உருவாயிற்று. ஒரு காந்தக் கோலின்மேல் காகிதத்தை விரித்து, அதன்மேல் இரும்பு அரத்தூளைத் தூவி, விரலால் மெல்லத் தட்டினால், தூள் தானே அணிவகுத்து நிற்கும். காந்தத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வளைந்து செல்லும் வரிவரியான கோடுகள் தோன்றும். காந்தத்தைச் சூழ்ந்த வெளி வெறுமையானதன்று. அது விசைக்கோடுகளால் நிறைந்தது என்று பாரடே கொண்டார். தொடாத ஊசியை இழுத்தது யாது என்னும் பழைய வினாவிற்கு அவர் கண்ட விடை இதுவே. காந்தம் ஊசியைத் தொடவில்லை. ஆனால் காந்தத்தின் விசைக்களம் ஊசியைத் தொடுகிறது.

வயலில் விளைந்து நிற்கும் நெற்பயிரை நினைத்துக்கொள்க. அரிவாள் பயிரின் நடுவே அசையாமல் கிடந்தால் ஒரு தாளும் அறுபடாது. அரிவாள் வீசப்பட்டால் தாள்கள் அறுபடும்; விரைந்து வீசினால் மிகுதியாக அறுபடும். கம்பியும் விசைக்கோடுகளும் அத்தகையவை. கம்பி விசைக்கோடுகளை வெட்டிச் செல்லும்போது அதில் மின்சாரம் எழுகிறது. கம்பி நகர்ந்தாலும் சரி, காந்தம் நகர்ந்தாலும் சரி, பயன் ஒன்றே. விரைவு மிகுந்தால் மின்விசையும் மிகும். சைக்கிளில் பொருத்திய டைனமோ விளக்கு, சக்கரம் மெல்லச் சுழலும்போது மங்கியும் விரைந்து சுழலும்போது ஒளிர்ந்தும் காண்பது இதனாலேயே.

மேட்டூர் அணையில் தேங்கிய காவிரி நீர் உயரத்திலிருந்து பாய்ந்து சக்கரங்களைச் சுழற்றுகிறது. சக்கரத்தோடு இணைந்த காந்தங்கள் கம்பிச்சுருள்களின் நடுவே சுழல, மின்சாரம் பிறக்கிறது. அனல்மின் நிலையத்தில் நீராவி செய்வதும், காற்றாலையில் காற்று செய்வதும், அணுமின் நிலையத்தில் அணுவின் வெப்பம் செய்வதும் இவ்வொரே வேலைதான். சுழற்றும் ஆற்றல் வேறு. சுழற்சியிலிருந்து மின்சாரம் பெறும் முறை ஒன்றே. அம்முறை 1831ஆம் ஆண்டில் அசைந்த அச்சிறு ஊசியின் வழியே வந்தது.

கோட்டிலிருந்து அலைக்கு

பாரடே உயர்கணிதம் அறியாதவர். அவர்தம் நூல்களில் சமன்பாடுகளைக் காண்டல் அரிது. ஆகவே, விசைக்கோடு என்பது ஒரு கற்பனைப் படமேயன்றி விஞ்ஞானம் ஆகாது என்று கணித அறிஞர் பலர் கருதினர். ஆனால், தூண்டல் கண்டறியப்பட்ட அதே 1831ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அக்குழந்தையே பிற்காலத்தில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் கணித மேதையாயிற்று. இளைஞராகிய மாக்ஸ்வெல், பாரடேயின் விசைக்கோடுகளை எள்ளாமல் ஊன்றிப் படித்து, அவற்றிற்குக் கணித வடிவம் தந்தார்.

மாக்ஸ்வெல் அனுப்பிய கட்டுரையைக் கண்டு முதலில் தாம் அஞ்சியதாகவும், பின்னர் தம் கருத்து அக்கணிதத்தைத் தாங்கி நின்றது கண்டு வியந்ததாகவும் பாரடே 1857ஆம் ஆண்டில் அவருக்கு எழுதினார். அவ்வாண்டில் எழுதிய மற்றொரு கடிதத்தில் அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் பொருந்துவது. கணித அறிஞர் தாம் கண்ட முடிவுகளைக் குறியீடுகளில் எழுதுவதோடு, எளிய பேச்சு மொழியிலும் எழுதித் தரலாகாதா என்பது அக்கேள்வி. அறிவு ஒரு சிலரது பெட்டகத்தில் அடைபட்டுவிடக் கூடாது என்பது அந்தக் கொல்லர் மகனின் கவலை.

மாறும் காந்த விசை மின்விசையைப் பிறப்பிக்கும் என்பது பாரடே கண்ட உண்மை. மாறும் மின்விசையும் காந்த விசையைப் பிறப்பிக்கும் என்று மாக்ஸ்வெல் சேர்த்தார். அங்ஙனமாயின், ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்க, அது மீண்டும் முன்னதைப் பிறப்பிக்க, இரண்டும் கைகோத்துக்கொண்டு வெளியில் பரவிச் செல்ல வேண்டுமன்றோ? குளத்தில் கல்லெறிந்தால் அலை வட்டமிட்டுப் பரவுகிறது. அங்கே நீர் கரைக்கு ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. அசைவு மட்டுமே பரவுகிறது. அலை என்பதன் இயல்பு அதுவே. அவ்வாறே மின்விசையும் காந்த விசையும் அலையாய்ப் பரவும் விரைவை மாக்ஸ்வெல் கணக்கிட்டார். நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் என்று விடை வந்தது. அதுவே ஒளியின் விரைவு! ஆகவே, ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று அவர் முடிவு செய்து, 1865ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார். ஒளிக்கும் காந்தத்திற்கும் உறவு உண்டு என்பதைப் பாரடே 1845ஆம் ஆண்டிலேயே கனத்த கண்ணாடித் துண்டு ஒன்றைக்கொண்டு செய்து காட்டியிருந்தார்.

கணக்கில் கண்ட அலையைக் கருவியில் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ். 1887, 1888ஆம் ஆண்டுகளில் அவர் ஒரு கருவியில் மின்பொறியை எழுப்ப, தொலைவில் தனித்திருந்த கம்பி வளையத்தின் இடைவெளியிலும் சிறுபொறி தோன்றியது. இடையே கம்பி இல்லை. அலை மட்டுமே சென்றது. அடுத்த சில ஆண்டுகளில் நம் நாட்டு மேதை ஜகதீச சந்திர போஸ், கல்கத்தாவில் மிகக் குறுகிய மின்காந்த அலைகளை உண்டாக்கி, அவை சுவரையும் ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்வதைக் காட்டினார். வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவை அவ்வழியில் வந்தவை. உதகமண்டலத்தில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்தில் அமைக்கப்பட்டு, 1970ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய ரேடியோத் தொலைநோக்கி, விண்மீன் உலகங்களிலிருந்து வரும் இத்தகைய அலைகளையே பெறுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், அடுப்பின் வெம்மைக் கதிரும், மருத்துவர் பயன்படுத்தும் எக்ஸ் கதிரும் ஒரே அலைக்குடும்பத்தின் பல உறுப்பினர்களே. அலைநீளமே அவற்றை வேறுபடுத்துகிறது.

எளிமையே அணியாக

இத்துணைப் பெரியவற்றைக் கண்ட பாரடே, தம் கண்டுபிடிப்புகளைக்கொண்டு பொருள் திரட்ட முற்படவில்லை. இராயல் கழகத்தின் தலைமைப் பதவி தேடிவந்தபோது அதனை ஏற்க மறுத்து, கடைசிவரை வெறும் மைக்கேல் பாரடேயாகவே இருக்க விரும்புவதாகக் கூறினார். ஆனால், சிறுவர்களுக்குப் பாடம் சொல்வதை மட்டும் அவர் பெரும்பேறாகக் கருதினார். கிறிஸ்துமசு விடுமுறைக் காலங்களில் பத்தொன்பது முறை அவர் சிறுவர்களுக்கென்றே தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். எரியும் ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு, அதன்வழியே இயற்கையின் விதிகளை அவர் விளக்கிய சொற்பொழிவுகள் 1861ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஒரு காலத்தில் இரவல் சீட்டுப் பெற்று அந்நிலையத்தில் அமர்ந்து கேட்ட ஏழை இளைஞனை அவர் மறந்தாரல்லர் போலும்.

1867ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் பாரடே மறைந்தார். மின்விளக்கு நகரங்களின் வீதிகளை நிறைத்ததையும், கம்பியில்லாமல் செய்தி பறந்ததையும் காண அவர் இருந்தாரல்லர். விதைத்தவர் எல்லா வேளையிலும் விளைவைக் காண்பதில்லை.

வறுமை அவர் கையைக் கட்டவில்லை. கணிதம் அறியாமை அவர் கண்ணை மறைக்கவில்லை. பழிச்சொல் அவர் வாயை அடைக்கவில்லை. மீண்டும் மீண்டும் வந்த தோல்வி அவர் வினாவை அழிக்கவில்லை. உண்மை அவருக்குப் பேரொலியோடு வந்து காட்சி தரவில்லை. ஒரு சிறு ஊசியின் ஒரு கணத்து அசைவாய் வந்தது. அவ்வசைவைப் பொருட்படுத்திப் பார்க்க அங்கே ஒருவர் விழித்திருந்தார். உற்று நோக்கும் கண்ணும், விடை காணும்வரை வினாவைக் கைவிடாத நெஞ்சும் உடையவர் எக்குடியில் பிறந்தவராயினும், எத்தொழில் செய்பவராயினும், இயற்கை தன் கதவை அவருக்குத் திறக்கும். பாரடேயின் வாழ்வு மாணவர்க்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.